தனுஷ்கோடி ரயில் நிலையம்: எழுந்த கதையும் விழுந்த கதையும்

நாம் வாழும் இந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ரயில் கிடையாது. 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து வடக்கே திக்லிப்பூர் வரை ரயில்பாதை போடப்போவதாக ஒரு காலத்தில் பேச்சு அடிபட்டது. பேச்சோடு நின்றது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ரயில் பார்ப்பது என்றால் கப்பலிலோ விமானத்திலோ சென்னைக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். அப்படியிருக்க, இந்த மலரில் ஒரு ரயில் நிலையத்தைப் பற்றி, அதுவும் அறுபது வருடத்துக்கு முன் அழிந்துபோன ஒன்றைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். காரணம் என் கடைக்கு வரும் ஒரு நண்பர்.

புரோத்ராபூரில் என் கடைக்கு அடிக்கடி வந்து உட்காருவார். என் வயதுதான். இலங்கையில் மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1970களில் பெற்றோருடன் தாயகம் திரும்பி, நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்து குடியேறினார். ஒருநாள் வந்தவர் முகம் சரியில்லை.

"நயினார் அண்ணே, நீங்க நிறையப் படிக்கிறவரு, ஒண்ணு கேக்கறேன். எங்க தாத்தா திருச்சிப் பக்கத்துல இருந்து ரயிலேறி தனுஷ்கோடி ஸ்டேஷன்ல இறங்கி, அங்கேருந்து கப்பல்ல சிலோனுக்குப் போனேன்னு சொல்லிச் சொல்லி வளர்த்தாரு. அதை என் பேரன்கிட்ட சொன்னேன். அவன் போன்ல தேடிப் பார்த்துட்டு, ரயில் ராமேஸ்வரத்தோட முடியுது, அப்படி ஒரு ஸ்டேஷனே இல்லே தாத்தாங்கறான். எங்க தாத்தா பொய்யா சொன்னாரு?"

பேரன் சொன்னதும் சரி, தாத்தா சொன்னதும் சரி. இரண்டுக்கும் நடுவில் நடந்தது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

தண்டவாளம் வந்த விதம்

ராமேஸ்வரம் தீவை வரைபடத்தில் பாருங்கள். தென்கிழக்கே ஒரு வால் நீண்டிருக்கும். அந்த வாலின் நுனிப் பகுதிதான் தனுஷ்கோடி. தனுஷ் என்றால் வில், கோடி என்றால் முனை. ஒரு பக்கம் வங்காள விரிகுடாவைச் சேர்ந்த பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் ஒடுங்கிய மணல்திட்டு. அங்கிருந்து கிழக்கே பார்த்தால் இலங்கையின் தலைமன்னார். நடுவே ஆதாம் பாலம் என்றும் ராமர் சேது என்றும் சொல்லப்படும் மணல் திட்டுகள். காசிக்குப் போய் வந்தவர்கள் சேதுவில் நீராடினால்தான் யாத்திரை முழுமை என்ற நம்பிக்கையால், ரயில் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வடநாட்டாரும் தென்னாட்டாரும் அங்கே நடந்து போனார்கள்.

வெள்ளைக்காரன் அங்கே ரயில் விட்டது புண்ணியத்துக்காக அல்ல, இலங்கைக்காக. அதற்கு முன் சென்னை மாகாணத்திலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறி ஓர் இரவு முழுக்கக் கடலில் கிடக்க வேண்டும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கடல் சுமார் 35 கிலோமீட்டர்தான். இரண்டு பக்கமும் கடலோரம் வரை ரயில் வந்துவிட்டால், நடுவில் சில மணி நேரக் கப்பல் பயணம் போதும்.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1902ல் மதுரையிலிருந்து மண்டபம் வரை மீட்டர் கேஜ் பாதையைக் கொண்டுவந்தது. அடுத்து கடலைத் தாண்ட வேண்டும். அதற்காகக் கட்டியதுதான் பாம்பன் பாலம். 1914 பிப்ரவரி 24ஆம் தேதி திறக்கப்பட்டது. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடுவில் கப்பல் போக வழிவிட்டுத் திறக்கும் தூக்குப் பகுதியை அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சர் பெயரால் அழைப்பார்கள். ஆட்கள் நெம்புகோல் பிடித்துச் சுற்ற, இரண்டு இறக்கைகளும் மேலே எழும். அதே 1914ல் இலங்கைப் பக்கமும் தலைமன்னார் வரை ரயில் வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இன்று பாம்பனைத் தாண்டும் ரயில் நேராக ராமேஸ்வரம் போகிறது. அன்று அப்படியில்லை. பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. பிரதானப் பாதை தனுஷ்கோடிக்கு, ராமேஸ்வரத்துக்குப் போனது கிளைப்பாதை. கோயில் ஊரை விடத் துறைமுக ஊர் ரயில்வேக்குப் பெரிதாக இருந்தது.

போட் மெயில்

சென்னை எழும்பூரில் ஏறினால் மறுநாள் தனுஷ்கோடி. அங்கே ரயிலை விட்டு இறங்கி, சுங்கச் சோதனை முடித்து, கப்பல் மேடைக்குப் போய் நீராவிக் கப்பலில் ஏற வேண்டும். தலைமன்னாரில் இறங்கினால் கொழும்பு ரயில் தயாராக நிற்கும். ஒரே டிக்கெட்டில் சென்னையிலிருந்து கொழும்பு வரை போய்ச் சேரலாம். ரயிலும் கப்பலும் சேர்ந்த பயணம் ஆனதால் 'போட் மெயில்' என்று பெயர். கடைசிக் காலத்தில் அங்கே ஓடிய கப்பல்களில் இர்வின், கோஷன் என்ற இரண்டும் பழைய ஆட்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

ரயிலைச் சுற்றி ஊர் வளர்ந்தது. ரயில்வே ஊழியர் குடியிருப்பு, ஆஸ்பத்திரி, தபால் தந்தி அலுவலகம், சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், பள்ளிக்கூடம், மாதா கோயில், பிள்ளையார் கோயில் எல்லாம் அந்த மணலில் எழுந்தன. யாத்திரிகர்களுக்குச் சத்திரங்கள். மீனவர்களுக்குக் கருவாட்டு வியாபாரம். வெறும் மணலில் ஒன்றும் விளையாது. ஊர் முழுக்கப் பிழைத்தது அந்த ஸ்டேஷனில் இறங்கி ஏறுகிற கூட்டத்தை நம்பித்தான்.

டாக்டர் அப்துல் கலாம் தம் இளமைக் காலத்தைச் சொல்லும்போது இந்தப் பாதை வருகிறது. இரண்டாம் உலகப்போரின்போது ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். அதனால் ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடுகிற ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை வெளியே எறிவார்கள். பத்திரிகை விநியோகம் செய்துவந்த உறவினருக்கு உதவியாக அந்தக் கட்டுகளைப் பிடித்துக்கொடுத்ததுதான் தம் முதல் சம்பாத்தியம் என்று எழுதியிருக்கிறார். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஒருவருக்கு முதல் கூலி கொடுத்த ரயில், தனுஷ்கோடி ரயில்.

யார் போனார்கள்?

போட் மெயிலில் வக்கீல்களும் வியாபாரிகளும் நாடகக்காரர்களும் போனார்கள். ஆனால் அந்தப் பாதையில் அதிகம் போனவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். இலங்கை மலைநாட்டில் முதலில் காப்பி, காப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலை. இரண்டுக்கும் ஆள் தமிழ்நாட்டிலிருந்து போனது. கங்காணி ஊர் ஊராக வந்து, முன்பணம் கொடுத்து, குடும்பம் குடும்பமாக அழைத்துப் போவார். ரயில் வருவதற்கு முன் போனவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைக்கு நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்கு அளவில்லை.

ரயில் வந்த பிறகு நடை மிச்சமாயிற்று. தொழிலாளர்களை முதலில் மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் நிறுத்தி வைப்பார்கள். மருத்துவச் சோதனை, அம்மை குத்துதல், பெயர்ப் பதிவு எல்லாம் அங்கே. நோய் இல்லை என்று தெரிந்தபின் ரயிலேற்றி, தனுஷ்கோடியில் கப்பலேற்றுவார்கள். நண்பரின் தாத்தாவும் இப்படித்தான் போயிருக்க வேண்டும். அவர் சொந்த நாட்டில் கடைசியாகக் கால் வைத்த இடம் தனுஷ்கோடி கப்பல் மேடை. அந்தப் பெயரை அவர் எப்படி மறப்பார்?

இந்தப் போக்குவரத்து நாளடைவில் குறையத் தொடங்கியது. 1939ல் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாட்கள் போவதைத் தடை செய்தது. 1948ல் சுதந்திர இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால், பல லட்சம் தோட்டத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். பாஸ்போர்ட், விசா என்று கெடுபிடி வந்தது. அதுவரை மதுரைக்குப் போவது மாதிரி கொழும்புக்குப் போய் வந்தவர்களுக்கு, திடீரென்று அது வெளிநாடு ஆயிற்று. பிறகு 1964 அக்டோபர் 30ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று கணக்கு எழுதினார்கள். சம்பந்தப்பட்ட ஜனங்களைக் கேட்டு எழுதியதல்ல.

தாத்தாக்களை அனுப்பிய தனுஷ்கோடி, இனி பேரன்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டிய வேளை வந்தது. ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஸ்டேஷன் போய்விட்டது.

நம் கடலில் பிறந்த புயல்

இந்த இடத்தில் அந்தமான் வாசகர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். தனுஷ்கோடியை அழித்த புயல் பிறந்தது நம் பக்கத்துக் கடலில். 1964 டிசம்பர் 17ஆம் தேதி தெற்கு அந்தமான் கடலில், கிரேட் நிக்கோபாரின் தென்முனைக்கும் தெற்கே, ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாயிற்று. 19ஆம் தேதி கடும் புயலானது. 21ஆம் தேதிக்கு மேல் நூல் பிடித்த மாதிரி மேற்கே ஓடி, 22ஆம் தேதி இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்து, அன்று நள்ளிரவு தனுஷ்கோடியில் ஏறியது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்திருக்கலாம் என்றும், அலை 7 மீட்டர் உயரம் எழுந்தது என்றும் மதிப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் கடல் உள்ள மணல்திட்டில் 7 மீட்டர் அலை வந்தால் ஓட எங்கே இடம்?

அன்றிரவு பாம்பனிலிருந்து 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. 110 பயணிகளும் 5 ரயில்வே ஊழியர்களும் என்பது பதிவில் உள்ள கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களும் இருந்திருப்பார்கள் என்பதால் இன்னும் அதிகம் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஸ்டேஷனுக்குச் சில நூறு கஜம் முன்னால் சிக்னல் வேலை செய்யவில்லை. டிரைவர் நிறுத்தினார். கும்மிருட்டு, பேய்க்காற்று. சற்றுப் பார்த்துவிட்டு, விசில் கொடுத்துக்கொண்டே வண்டியை நகர்த்தினார். அலை வந்து முழு ரயிலையும் வாரிக்கொண்டு போயிற்று. ஒருவரும் மிஞ்சவில்லை.

தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்ததால் வெளியுலகத்துக்கு உடனே செய்தி போகவில்லை. ரயிலுக்கு என்ன ஆயிற்று என்பது ரயில்வே தலைமையகத்துக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. தனுஷ்கோடியிலும் சுற்றுவட்டாரத்திலும் சேர்த்து இறந்தவர்கள் சுமார் 1,800 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. உயிர் தப்பியவர்கள் மணல்மேடுகளில் ஏறி நின்று பிழைத்தவர்கள்.

பாலம் எழுந்தது, ஸ்டேஷன் எழவில்லை

பாம்பன் பாலமும் அடி வாங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட இரும்புக் கர்டர்கள் கடலில் விழுந்தன. ஷெர்சர் தூக்குப் பகுதி மட்டும் தப்பியது. சீர் செய்ய ஆறு மாதம் என்று கெடு வைத்தார்கள். பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது 32 வயது இன்ஜினியர் ஸ்ரீதரனிடம். பின்னாளில் கொங்கண் ரயிலும் தில்லி மெட்ரோவும் கட்டிய அதே ஸ்ரீதரன்தான். உள்ளூர் மீனவர்கள் துணையோடு கர்டர்களைக் கடலடியில் தேடி, தூக்கி, திரும்பப் பொருத்தி, 46 நாளில் பாலத்தை முடித்தார். ராமேஸ்வரத்துக்கு ரயில் மறுபடி ஓடியது.

ஆனால் தனுஷ்கோடிக்கு ஓடவில்லை. சென்னை அரசாங்கம் அந்த ஊரை மனிதர் வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. பிரதானப் பாதை மணலில் புதைய, கிளைப்பாதை பிரதானமாயிற்று. பாம்பன் ஜங்ஷன் சாதாரண ஸ்டேஷனாயிற்று.

ஏன் இப்படி? எங்கள் சமண மரபில் தினமும் சிந்திக்க வேண்டியவை என்று பன்னிரண்டைச் சொல்லியிருக்கிறார்கள். அதில் முதலாவது அநித்தியம், அதாவது நிலையாமை. தனுஷ்கோடியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் நிலையாமையைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கடலுக்குள் கிடந்த பாலத்தையே 46 நாளில் நிமிர்த்தியவர்களுக்கு, ஒரு ஸ்டேஷன் கட்டிடத்தை வேறு இடத்தில் கட்டுவதா கஷ்டம்?

நாற்பது வருடம் கடை வைத்தவன் கண்ணால் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. ஒரு கடை அழிந்தால், வாடிக்கையாளர் இருக்கும் வரை திரும்பக் கட்டுவோம். வாடிக்கையாளர் குறைந்துபோன கடை எரிந்தால் அப்படியே விட்டுவிடுவோம். ராமேஸ்வரத்துக்கு வாடிக்கையாளர் உண்டு. யாத்திரிகர் கூட்டம் ஒருநாளும் குறையாது. தனுஷ்கோடி ஸ்டேஷனோ கடல் தாண்டுகிறவர்களுக்காகப் பிறந்தது. 1939ன் தடையும், 1948ன் சட்டமும், விசாவும் அந்தக் கூட்டத்தை ஏற்கெனவே அரித்துவிட்டிருந்தன. மிச்சமிருந்த கப்பல் போக்குவரத்துக்கு ராமேஸ்வரத்திலேயே துறை போதும் என்றாயிற்று. புயல் ஒரே இரவில் செய்த வேலைக்குமுன், காகிதங்கள் இருபத்தைந்து வருடம் வேலை செய்திருந்தன. மணல்திட்டு ஆபத்தானது என்பது உண்மை. அது 1914லும் உண்மைதான். அன்று லாபம் இருந்தது, ஆபத்தைப் பார்க்கவில்லை. 1964ல் லாபம் இல்லை, ஆபத்து தெரிந்தது.

திரும்பி வந்தவர்கள்

தாயகம் திரும்பியோர் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்தார்கள். அவர்களை இறக்கிப் பதிவு செய்த இடம் எது தெரியுமா? அதே மண்டபம் முகாம். தாத்தா அம்மை குத்திக்கொண்ட இடத்தில் பேரனுக்குக் குடும்ப அட்டை கொடுத்தார்கள். அங்கிருந்து நீலகிரிக்கும், ஆந்திரா கர்நாடகத்துக்கும், நம் கச்சால் தீவுக்கும் பிரித்து அனுப்பினார்கள். 1980களில் இலங்கையில் போர் மூண்டதும் அந்தக் கப்பலும் நின்றுபோனது.

கச்சாலுக்கு வந்தவர்களையும் கடல் விடவில்லை. 2004 டிசம்பர் 26. தனுஷ்கோடி போய்ச் சரியாக நாற்பது வருடம், அதே டிசம்பர் கடைசி. நிக்கோபார் தீவுகளில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவற்றில் கச்சால் ஒன்று. நம் புரோத்ராபூர் பக்கத்திலும் சிப்பிகாட்டில் வயல் இருந்த இடம் கடல்நீர் தேங்கும் நிலமாகி விட்டதை நாமே பார்த்திருக்கிறோம். ஆகவே தனுஷ்கோடி நமக்கு வெளியூர்க் கதை அல்ல.

இன்று போனால் என்ன பார்க்கலாம்?

பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ல் திறக்கப்பட்டது. இதில் நடுப்பகுதி இறக்கை விரிக்காமல், லிஃப்ட் மாதிரி நேராக மேலே எழும். சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகும் வண்டிக்கு 'போட் மெயில்' என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, போட் இல்லாவிட்டாலும். இலங்கைப் பக்கம் போரில் சிதைந்த தலைமன்னார்ப் பாதை 2015 மார்ச்சில் மறுபடி திறக்கப்பட்டது. நம் பக்கம் ராமேஸ்வரம் - தனுஷ்கோடி பாதைக்கு 2019ல் அடிக்கல் நாட்டினார்கள், தண்டவாளம் வரவில்லை. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை மட்டும் 2017ல் வந்துவிட்டது.

ராமேஸ்வரத்திலிருந்து பஸ் ஏறினால் சுமார் 20 கிலோமீட்டர். மாதா கோயிலின் சுவர்கள் நிற்கின்றன. எல்லோரும் அங்கே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சற்றுத் தள்ளி, ரயில் நிலையத்தின் எஞ்சிய சுவர்களும் எஞ்சினுக்குத் தண்ணீர் கொடுத்த தொட்டியின் தூண்களும் மணலில் நிற்கும். அவற்றைத் தேடிப் பாருங்கள்.

இவ்வளவையும் எழுதி நண்பரிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பேரனுக்குத் தமிழ் படிக்க வராதுண்ணே, ஸ்கூல்ல இந்திதான். நானே வாசிச்சுச் சொல்றேன்" என்று காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் தம் தந்தையின் குடும்ப அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். சுனாமி நாளில் இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடியதால் தப்பியது. மடிப்பில் கிழிந்து, எழுத்துப் பாதி அழிந்திருக்கிறது. மண்டபம் என்ற சொல் மட்டும் நன்றாகத் தெரிகிறது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தீவுகளுக்கு நாம் வந்த வழி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொன்று. இலங்கையிலிருந்து வந்தவர்கள், பர்மாவிலிருந்து வந்தவர்கள், என்னைப் போல வியாபாரத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் இருக்கிறோம். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய டிக்கெட், அட்டை, கடிதம் ஏதாவது கிடந்தால் பிரதி எடுத்து வையுங்கள். பெரியவர்கள் இறங்கிய ஸ்டேஷன் பெயரையும் ஏறிய கப்பல் பெயரையும் கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். நாளைக்கு நம் பேரப்பிள்ளைகள் தேடிப் பார்க்கும்போது அந்த ஊர் வரைபடத்தில் இல்லாமல் போயிருக்கலாம். நம் வீட்டு நோட்டிலாவது இருக்கட்டும்.